சீட் பெல்ட் போகும் இடம்

2021 ஆகஸ்ட் 16, திங்கட்கிழமை காலை, ஆற்றுப் பாலத்தை அடுத்த புற்றுநோய் மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், படம் பிடித்துக்கொண்டே கதிர்வீச்சு கொடுக்கும் இயந்திரத்தின் பலகையில், கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பெண் படுத்தார். வயது ஐம்பத்திரண்டு. படுத்த சற்று நேரத்தில் அவரை எழுந்து போகச் சொன்னார்கள்.

சொன்னது ஒலிபெருக்கி. தடித்த கதவுக்கு அந்தப் பக்கம் திரைகளின் முன் உட்கார்ந்திருந்த, இயந்திரத்தை ஓட்டும் இயக்குநர் மைக்கில் பேசினார்.

"அம்மா, உள்ள காத்து இருக்கு. கொஞ்சம் நடந்துட்டு, பாத்ரூம் போயிட்டு வாங்க."

"காத்தா? எங்க?"

"உங்க வயித்துக்குள்ளதான்மா. எங்க ரூம்ல ஏசி நல்லாத்தான் ஓடுது."

அவர் எழுந்து, முதுகுப் பக்கம் திறந்த மருத்துவமனை அங்கியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, நடைகூடத்தில் நடந்தார். வெளியே நாற்காலியில் இருந்த கணவர் பதறி எழுந்தார்.

"அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"ஆரம்பிக்கவே இல்ல. காத்து இறக்கிட்டு வரச் சொல்லிட்டாங்க."

கணவர் குடிநீர் வாரியத்தில் பம்பு ஃபிட்டர். குழாய்க்குள் காற்று அடைத்தால் தண்ணீர் வராது என்பது அவருக்குத் தொழில் அனுபவம். "நியாயம்தானே" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். மனைவி முறைத்த முறைப்பில் அடுத்த வார்த்தையை விழுங்கிக்கொண்டார்.

அந்தப் பெண்ணை மாணவர்கள் முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் பிரேக்கம்மா. பயிற்சிக் காரில் ஆசிரியர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். இருபது வருடமாக அந்தப் பிரேக்கின் மேல் கால் வைத்து, சாலையையும் அடுத்தவர் கைகளையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டு வாழ்ந்தவர். பட்டப்பெயர் அவருக்கும் தெரியும். அவருடைய கார் பயிற்சிப் பள்ளியின் கட்டண அட்டையில் யாரோ ஒரு மாணவன் அதைப் பேனாவால் எழுதியிருந்ததைக் கண்டு, அழிக்காமல் விட்டுவைத்திருந்தார்.

மலத்தில் ரத்தம் வந்தபோது அவர் மூலம் என்று நினைத்தார். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு வருவதுதான் என்று மருந்துக்கடைக்காரரும் ஒத்து ஊதினார். களிம்பு, வெந்நீர், இருக்கைக்கு ஒரு வளையத் தலையணை என்று பல மாதம் ஓடியது. உள்நோக்கிக் குழாய் விட்டுப் பார்த்தபோது மலக்குடலின் அடிப்பகுதியில் கட்டி இருந்தது.

அறுவை மருத்துவர் ஒரு வெள்ளைத் தாளில் படம் வரைந்து காட்டினார். நரைத்த மீசை, சுற்றி வளைக்காத பேச்சு.

"கட்டி இங்க இருக்கு. மலத்த அடக்குற தசை இங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு விரல் எடம்கூட இல்ல. கட்டிய எடுக்கணும்னா தசையையும் சேர்த்து எடுக்கணும். அப்புறம் மலம் வர்றதுக்கு வயித்துல ஒரு வழி வெச்சு, அது மேல பை ஒட்டிடுவோம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"ஆயுசுக்கும்."

அவர் அந்தத் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார். பிறகு, "வேற வழி இருக்கா, இல்ல இதுதான் வழின்னு சொல்றதுக்குக் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

அறுவை மருத்துவர் சிரித்துவிட்டார். வழி இருந்தது. முதலில் கதிர்வீச்சும் மாத்திரையும், அதன் பிறகு சில மாதம் ஊசி மருந்து. சிலருக்கு இதிலேயே கட்டி முழுக்கக் கரைந்துவிடும். கரைந்துவிட்டால் அறுக்காமல், குறித்த இடைவெளிகளில் பார்த்துக்கொண்டே இருக்கலாம். திரும்ப முளைத்தால் அப்போது அறுக்கலாம். "கரையும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். பெரும்பாலானவங்களுக்கு முழுசாக் கரையாது. அதனால பைக்கும் மனசத் தயார் பண்ணிக்கோங்க" என்றார்.

பை பராமரிப்புக்கென்றே ஒரு செவிலியர் இருந்தார். அறுவை நடந்தால் எங்கே வழி வைப்பது என்பதை முன்கூட்டியே வயிற்றில் அடையாளம் போட்டுப் பார்ப்பது அவர் வேலை. நிற்க வைத்து, உட்கார வைத்து, குனிய வைத்து, மடிப்பு விழாத இடமாகப் பார்த்துத் தோலில் மையால் ஒரு வட்டம் போட்டார். பிரேக்கம்மா அந்த வட்டத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கையைக் குறுக்கே இழுத்துக் காட்டினார்.

"இங்கதான்மா சீட் பெல்ட் போகும்."

செவிலியர் யோசித்தார். வட்டத்தை அழித்து இரண்டு விரல் மேலே போட்டார். அங்கே வயிறு மடிந்தது. பக்கவாட்டில் போட்டார். அங்கே இடுப்பெலும்பு இடித்தது. கடைசியில் முதல் இடத்துக்கே வந்தார். "நீங்க பெல்ட்ட கொஞ்சம் கீழ தள்ளிப் போட்டுக்கலாமே?"

"நான் பெல்ட்ட தள்ளிப் போட்டா, என்கிட்ட படிக்கிறவன் போடவே மாட்டான்."

பையை வைத்துக்கொண்டு உலகம் முழுவதும் ஆட்கள் வேலை செய்கிறார்கள், நீந்துகிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள் என்று செவிலியர் சொன்னது உண்மை. பிரேக்கம்மாவும் அதை நம்பினார். ஆனாலும் அவர் உட்கார்ந்து சம்பாதிக்கிற இருக்கையில், ஒரு நாளைக்குப் பல தடவை, கற்றுக்குட்டியின் கால் தடுமாறும்போதெல்லாம் அந்தப் பெல்ட் அவரை அதே இடத்தில் இறுக்கிப் பிடிக்கும். தப்பிக்க முடியுமானால் தப்பித்துவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தது அந்த வட்டத்தைப் பார்த்துத்தான்.

கதிர்வீச்சு மருத்துவர் நாற்பதை நெருங்கும் பெண்மணி. அவர் சிகிச்சையை விளக்கிய விதம் பிரேக்கம்மாவுக்குப் பிடித்திருந்தது.

"மலக்குடல் ஒரு துணிப்பை மாதிரிம்மா. காலியா இருந்தா சுருங்கிக் கிடக்கும், காத்து இருந்தா உப்பிக்கும். பக்கத்துல மூத்திரப் பை வேற. அதனால கட்டி நேத்து இருந்த எடத்துல இன்னைக்கு இருக்காது. பழைய முறையில ஒரே ஒரு தடவ படம் எடுத்து, அத வெச்சு எல்லா நாளும் கதிர் குடுப்போம். கட்டி நகர்ந்தாலும் தப்பக் கூடாதுன்னு சுத்தி நிறைய எடம் விட்டு அடிக்கணும். நல்ல குடலுக்கும் அடி விழும். இந்த மெஷின்ல தினமும் முதல்ல படம். இன்னைக்கு எங்க இருக்குன்னு பார்த்து, நான் புதுசா எல்லை வரைவேன். அப்புறம்தான் கதிர்."

"தினமும் நீங்களே வரைவீங்களா?"

"நானேதான்."

"நான் சொல்றதும் இதேதான் டாக்டர். நேத்து பார்த்த ரோடுன்னு நெனச்சு இன்னைக்கு ஓட்டாதேன்னு."

பிரேக்கம்மா பலகையில் படுத்திருக்க, கதவுக்கு அப்பால் மருத்துவர் திரையில் அன்றைய படத்தை அடுக்கு அடுக்காகத் தள்ளி, மின் பேனாவால் கோடு இழுப்பார். கட்டிக்கு ஒரு நிறம், மூத்திரப் பைக்கு ஒன்று, கருப்பைக்கு ஒன்று. நேற்றைய கோடு இன்றைய கட்டியின் மேல் பொருந்தாமல் நிற்கும். அதை நகர்த்தி, வளைத்து, சில இடங்களில் அழித்து மறுபடி வரைவார். கணினி கணக்குப் போட்டு முடித்ததும் இயற்பியலாளர் ஒருவர் சரிபார்ப்பார். அதன் பிறகே கதிர். அவ்வளவு நேரமும் உள்ளே இருப்பவர் அசையக் கூடாது. மூக்கு அரித்தாலும் கூடாது. இயந்திரம் தட்டும், உறுமும், பின் நின்றுவிடும்.

சிரமம் காற்றில்தான் வந்தது. முதல் வாரம் முழுக்க பிரேக்கம்மாவை எழுப்பி எழுப்பி அனுப்பினார்கள். மற்ற நோயாளிகளுக்கும் இது நடப்பதுதான். ஆனால் இவருக்குக் கழிவறை போய் வந்த பிறகும் அப்படியே இருந்தது. மருத்துவர் ஒரு நாள் நேரில் வந்து கேட்டார்.

"அம்மா, காத்து வந்தா விட்டுடுறீங்களா, அடக்கிக்கறீங்களா?"

பிரேக்கம்மா கதவைப் பார்த்தார். இயக்குநர் அங்கே இல்லை என்று உறுதி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டர், என் வேலை மூடுன காருக்குள்ள. ஏசி போட்டு, கண்ணாடி ஏத்தியிருக்கும். பக்கத்துல யாரோ ஒரு வீட்டுப் பொண்ணு, இல்ல ரிட்டயரான ஆபீசர், பயந்து நடுங்கிக்கிட்டு ஸ்டியரிங்கப் புடிச்சிருப்பாங்க. நான் அங்க என்னைக்காவது..." கையை விரித்தார். "இருபது வருஷம். ஒரு நாள் கூட இல்ல. இப்ப விடணும்னு நெனச்சாலும் உடம்பு கேக்க மாட்டேங்குது."

மருத்துவர் சிரிக்கவில்லை. சிரிக்காமலிருக்க அவர் கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டிருந்தது பிரேக்கம்மாவுக்குத் தெரிந்தது. "அப்ப நாம ஒரு ஏற்பாடு பண்ணுவோம்" என்றார் மருத்துவர். அன்றிலிருந்து, படுக்கும் முன் சிறிய எனிமா ஒன்று கொடுக்கப்பட்டது. கழிவறை விசிறியை ஓடவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளச் சொன்னார்கள். வெளியே யாரும் நிற்க மாட்டார்கள் என்று இயக்குநர் மைக்கில் வாக்குக் கொடுத்தார். படங்கள் தெளிவாயின.

வாரங்கள் போகப் போக மருத்துவர் வரையும் வட்டம் சிறுத்தது. கடைசி நாளன்று முதல் நாள் படத்தையும் அன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கணவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அழிரப்பர் வெச்சு அழிச்ச மாதிரி இருக்கே" என்றார். இன்னும் அழியவில்லை, வேலை உள்ளே நடந்துகொண்டே இருக்கும் என்றார் மருத்துவர்.

ஊசி மருந்து மாதங்கள் மோசமாகப் போயின. குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் விரல்களில் மின்சாரம் பாய்ந்தது. ஃபிரிட்ஜ் கதவைத் திறக்கக் கணவர் ஒரு ஜோடி கையுறை வாங்கிக் கைப்பிடியிலேயே தொங்கவிட்டார். உள்ளங்கால் மரத்தது. பிரேக்கம்மாவைப் பயமுறுத்தியது அதுதான். பிரேக்கை மிதித்தோமா என்பதைக் காலே சொல்லாவிட்டால் அந்த இருக்கையில் உட்கார முடியாது. வகுப்புகளை நிறுத்தினார். பள்ளியைத் தங்கை பார்த்துக்கொண்டாள். தினமும் மாலை வீட்டு வாசலில் நின்ற காரில் ஏறி, என்ஜினை முடுக்காமல், கண்ணை மூடிக்கொண்டு பெடல்களைக் காலால் தேடிப் பழகினார். எதிர்வீட்டுக்காரர் கணவரிடம் விசாரித்தார்: "அவங்களுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"கார் நின்ன எடத்துலயே நிக்குது. அவங்க போய்க்கிட்டே இருக்காங்க" என்றார் கணவர்.

பிப்ரவரியில் மதிப்பீட்டு ஸ்கேன். இது கதிர்வீச்சுத் துறையில் எடுப்பது அல்ல. பிரதான கட்டடத்தின் இரண்டாம் மாடியில், எல்லா நோயாளிகளுக்கும் எடுக்கும் பொதுவான எம்.ஆர்.ஐ. பிரேக்கம்மா உள்ளே நுழைந்ததும், நீலச் சட்டை போட்ட வாலிபர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"மேடம், என்னைத் தெரியுதா?"

தெரிந்தது. ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் முன்னால் போகிறவர். இரண்டு தடவை தேர்வில் தோற்று, மூன்றாம் தடவை பிரேக்கம்மா விடியற்காலையில் காலி மைதானத்துக்கு அழைத்துப் போய்ப் பழக்கித் தேறியவர். ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் என்று அப்போது அவர் சொல்லவில்லை.

"மேடம், நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. நானே எடுக்கறேன். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி, அவசரப்படாம."

அவர் அன்று காட்டிய மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தலையணையை இரண்டு தடவை சரிசெய்தார். போர்வையைக் கால்விரல் வரை இழுத்துவிட்டார். எனிமாவைப் பற்றி அவர் பேசவில்லை. அந்த மாடியின் வழக்கத்தில் அது இல்லை. பிரேக்கம்மாவும் கேட்கவில்லை. இயந்திரம் தட்டத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவர் வயிற்றில் காற்று நகர்ந்தது. கண்ணாடிக்கு அப்பால் தன் மாணவர் உட்கார்ந்து தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடப் பழக்கம் தானாகவே வேலை செய்தது.

அறிக்கை அடுத்த வாரம் வந்தது. கட்டி பெரும்பாலும் மறைந்து, இருந்த இடத்தில் கறுப்பான தழும்பு தெரிந்தது. ஆனால் ஒரு வகைப் படத்தில் மட்டும் குடல் சுவரில் வெள்ளையாக ஒரு புள்ளி. திசுக்களுக்குள் நீர் எவ்வளவு தாராளமாக அசைகிறது என்பதைப் பார்க்கும் படம் அது. புற்றுச் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடத்தில் நீர் அசைய முடியாது, அந்த இடம் வெளுத்துத் தெரியும். உள்நோக்கிக் குழாயிலும் முழுதாக ஆறாத சின்னப் புண் ஒன்று தெரிந்தது. அறுவை மருத்துவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்.

"மிச்சம் இருக்குன்னுதான் தோணுது. நான் காத்திருக்கச் சொல்ல மாட்டேன். அடுத்த மாசம் முதல் வாரம் வெச்சுக்கலாம்."

பிரேக்கம்மா வாக்குவாதம் செய்யவில்லை. திரும்பும் வழியில் பை செவிலியரிடம் போய், "ஒரு பை குடுங்க, போட்டுப் பழகிக்கறேன்" என்று கேட்டார். செவிலியர் பழைய இடத்தில் வட்டம் போட்டு, ஒரு பையை ஒட்டி, அதற்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடிக் கொடுத்தார்.

மறுநாள் காலை பள்ளிக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் பிரேக்கம்மா தன் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். ஓட்டுநர் இருக்கையில் கணவர்.

"வேகமாப் போய் சடன் பிரேக் போடுங்க."

"எதுக்கு வம்பு? மெதுவாவே போறேன்."

"என்கிட்ட படிக்க வர்றவன் மெதுவாப் போட மாட்டான். போடுங்க."

கணவர் போட்டார். கார் முன்னால் குனிந்து நின்றது. பெல்ட் இறுகியது. பிரேக்கம்மா வயிற்றைத் தடவிப் பார்த்தார். பை பிரியவில்லை.

"இன்னொரு தடவ. இது ஸ்கூட்டர நிறுத்துற மாதிரி இருக்கு, இன்னும் வேகமா."

மூன்றாவது தடவை ஓரம் பிரிந்து தண்ணீர் சேலையை நனைத்தது. கணவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். இத்தனை மாதத்தில் அவர் உடைந்துபோனது அந்த ஒரு தடவைதான். பிரேக்கம்மா ஈரத்தைத் துண்டால் ஒற்றி எடுத்துக்கொண்டே, "தண்ணிதானே, விடுங்க. வாரியத்துல இருந்துக்கிட்டு ஒரு லீக்குக்கு அழலாமா?" என்றார். அன்று மாலையே செவிலியருக்குப் போன் செய்து, ஓரம் அகலமான பை வகை இருக்கிறதா என்று விசாரித்தார். வந்த பெட்டியிலிருந்து ஒன்றை ஒட்டி மறுபடி பெல்ட் போட்டுப் பார்த்தபோது அது பிடித்தது.

வியாழக்கிழமைகளில் மருத்துவமனையின் எல்லாத் துறை மருத்துவர்களும் ஓர் அறையில் கூடி ஒவ்வொரு நோயாளியின் படங்களையும் திரையில் போட்டுப் பேசுவார்கள். பிரேக்கம்மாவின் முறை வந்தது. படம் படிக்கும் மருத்துவர் வெள்ளைப் புள்ளியைச் சுட்டிக் காட்டினார். கதிர்வீச்சு மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"அதே அடுக்கோட சாதாரணப் படத்தப் பக்கத்துல போடுங்க."

போட்டார். வெள்ளைப் புள்ளி இருந்த சுவரை ஒட்டி, குடலுக்குள், கன்னங்கரேலென்று ஒரு காற்றுக் குமிழ்.

"காத்து இருக்கு" என்றார் படம் படிப்பவர். "நானும் ரிப்போர்ட்ல எழுதியிருக்கேன். காத்துக்குப் பக்கத்துல இந்த வகைப் படம் கோணிக்கும், பொய்யா வெளுப்பும் காட்டும். ஆனா காத்துதான்னு சொல்லி, உண்மையிலேயே கட்டியா இருந்துட்டா?"

"சந்தேகம்னா எடுத்துடறதுதான் சேஃப்" என்றார் அறுவை மருத்துவர். "புண்ணு வேற ஆறல."

"சார், இவங்க காத்த எனக்கு நல்லாத் தெரியும்" என்றார் கதிர்வீச்சு மருத்துவர். அறையில் சிரிப்பு எழுந்தது. அவர் பொருட்படுத்தவில்லை. "அஞ்சு வாரம் தினமும் இவங்க உள்ள வரைஞ்சிருக்கேன். எனிமா இல்லாத அன்னைக்கெல்லாம் இதே எடத்துல, இதே வடிவத்துல குமிழ் நிக்கும். எனிமா குடுத்தா ஒரு நாளும் இருந்ததில்ல. அன்னைக்கு ஸ்கேனுக்கு எனிமா குடுத்தாங்களான்னு மட்டும் கேட்டுடறேன். ஆபரேஷன் தேதிக்கு இன்னும் நாள் இருக்கு."

அவர் வெளியே வந்து அங்கேயே பிரேக்கம்மாவுக்குப் போன் செய்தார்.

"அம்மா, ரெண்டாவது மாடியில ஸ்கேன் எடுத்தீங்களே, அன்னைக்கு எனிமா குடுத்தாங்களா?"

"இல்லையே டாக்டர்."

"அடக்கினீங்களா?"

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

"அம்மா?"

"ஸ்கேன் எடுத்த பையன் என்கிட்ட வண்டி கத்துக்கிட்டவன் டாக்டர்" என்றார் பிரேக்கம்மா. "அவன் முன்னாடி எப்படி?"

இந்தத் தடவை மருத்துவர் கன்னத்தைக் கடித்துக்கொள்ளவில்லை. நடைகூடத்தில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் குரல் மாறியது. "மறுபடி எடுக்கறோம். என்ன வரும்னு எனக்குத் தெரியாது. மிச்சம் இருந்தா இருக்குன்னு சொல்லிடுவேன். ஆனா காத்தப் பார்த்து உங்கள அறுக்க விட மாட்டேன்."

இரண்டாம் ஸ்கேனுக்கும் அதே வாலிபர்தான் இருந்தார். கதிர்வீச்சு மருத்துவர் அவரிடம் முன்பே பேசியிருந்தார். வாலிபர் எனிமா கொடுத்து, கழிவறைக்கு அனுப்பி, விசிறியையும் போட்டுவிட்டு, மாடிப்படி வரை போய் நின்றுகொண்டார். பிரேக்கம்மா திரும்பி வந்தபோது அவர் காது வரை சிவந்திருந்தார்.

"மேடம், ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்காதீங்க."

"சொல்லு."

"நான் ஒங்க வண்டிய ரெண்டு தடவ செவுத்துல மோதினேன். நீங்க ஒரு வார்த்த திட்டல. என் முன்னாடி நீங்க வெக்கப்படுறதுக்கு ஒண்ணுமே இல்ல மேடம்."

"ரெண்டு இல்ல, மூணு" என்றார் பிரேக்கம்மா. "தூண கணக்குல விட்டுட்ட." பலகையில் ஏறிப் படுத்தார்.

படம் படிக்கும் மருத்துவர் இரண்டு ஸ்கேன்களையும் ஒரே திரையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். குமிழ் இல்லை. வெள்ளைப் புள்ளியும் இல்லை. தழும்பு மட்டும் கறுப்பாக, மெலிதாக இருந்தது. அடுத்த வியாழக்கிழமை கூட்டத்தில் அவர் தானாகவே எழுந்து, "என் பழைய ரிப்போர்ட்ட மாத்திக்கறேன்" என்றார். அதோடு நிற்கவில்லை. மலக்குடல் ஸ்கேன் எல்லாவற்றுக்கும் முன்னால் எனிமா கொடுப்பது இரண்டாம் மாடியின் வழக்கமாக வேண்டும் என்று அவரே கேட்டு, அந்த மாதமே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். தன் தவறை நாலு பேர் முன் திருத்தி, அடுத்தவருக்கும் அது நேராமல் பார்த்துக்கொள்வது எல்லாருக்கும் வருவதில்லை.

அறுவை மருத்துவரும் தேதியை ரத்து செய்துவிட்டு அத்தோடு கைகழுவவில்லை. ஆறு வாரம் கழித்துத் தானே குழாய் விட்டுப் பார்த்தார். புண் ஆறி, ஸ்கேன் படத்தில் கறுப்பாகத் தெரிந்த இடத்தில் வழவழப்பான வெண்தழும்பும் அதன் மேல் சில மெல்லிய ரத்த நாளங்களும் இருந்தன. விரலால் தொட்டுப் பார்த்தார். மேடு பள்ளம் இல்லை.

"இப்ப ஒத்துக்கறேன்" என்றார். "ஆனா இத முடிஞ்சுபோச்சுன்னு நெனைக்காதீங்க. இப்படிக் கரைஞ்சவங்கள்ல நாலுல ஒருத்தருக்குப் போல திரும்ப முளைக்கும். பெரும்பாலும் மொத ரெண்டு வருஷத்துல. சீக்கிரம் கண்டுபுடிச்சா எடுத்துடலாம். நீங்க வராம விட்டாத்தான் ஆபத்து. மூணு மாசத்துக்கு ஒரு தடவ குழாய், ஸ்கேன், ரத்தம். தப்பக் கூடாது."

"பிரேக் மேலருந்து கால எடுக்கக் கூடாதுங்கறீங்க."

"அதான்."

"எனக்கு அது பழக்கம் டாக்டர்."

அவர் தப்பவில்லை. காரும் காலும் ஒத்துழைக்கத் தொடங்கியதும், அந்த ஆண்டின் பிற்பகுதியில், வகுப்புகளைக் குறைந்த நேரத்துக்குத் தொடங்கினார். உள்ளங்காலின் மரப்பு முழுக்கப் போகவில்லை. மெல்லிய அடிப்பாகம் கொண்ட செருப்புக்கு மாறினார், பெடல் அதில் நன்றாகத் தெரிந்தது. கதிர்வீச்சு பட்ட குடல் முன்போல் பொறுமையாக இல்லை. அவசரம் என்றால் அவசரம்தான். பயிற்சிப் பாதையை மாற்றி, பெட்ரோல் பங்க், நூலகம், தங்கை வீடு என்று கழிவறை உள்ள இடங்களின் வழியாகப் போகுமாறு அமைத்துக்கொண்டார். மாணவர்கள் அதை நெரிசலில் ஓட்டும் பயிற்சி என்று நம்பினார்கள். சில சமயம் பாடத்தின் நடுவே அவர் காரை ஓரங்கட்டச் சொல்லி, கண்ணாடியை இறக்கி, "வெளிய பார்" என்பார். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை.

ஒவ்வொரு மூன்றாம் மாதமும், முடிவு வரும் வரை கணவர் கையுறைகளை மடிப்பதும் பிரிப்பதுமாக இருப்பார். ஃபிரிட்ஜ் கைப்பிடியில் தொங்கிய அதே ஜோடி. தேவையில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் மருத்துவமனைக்கு வருவார். கதிர்வீச்சு மருத்துவர் படத்தைத் திறந்ததும் அவர்களிடம் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். முதல் ஆண்டில் ஒரு தடவை, தழும்பின் ஓரம் சற்றுத் தடித்திருப்பதாகச் சந்தேகம் வந்தது. பிரேக்கம்மா அன்றிரவு அகலமான ஓரம் கொண்ட பைகள் வைத்திருந்த பெட்டியை அலமாரியிலிருந்து எடுத்து, காலாவதித் தேதியைப் பார்த்து, மறுபடி உள்ளே வைத்தார். அடுத்த ஸ்கேனில் தடிப்பு மாறவில்லை. அதற்கடுத்ததிலும் மாறவில்லை. தழும்பு அப்படித்தான் என்று எழுதிக்கொண்டார்கள்.

இரண்டு ஆண்டு கடந்ததும் இடைவெளி ஆறு மாதமானது. அந்தச் செய்தியைச் சொன்னபோது பை செவிலியரும் அறையில் இருந்தார். பிரேக்கம்மா பெட்டியை அவரிடம் திருப்பிக் கொடுத்தார். வேறு யாருக்காவது பயன்படும் என்றார். ஒரு கார் ஓட்டுநருக்குக் கிடைத்தால் நல்லது, ஓரம் நன்றாகப் பிடிக்கிறது என்றும் சொன்னார்.

2025 பிப்ரவரியில் எடுத்த ஸ்கேனிலும் குழாய்ப் பரிசோதனையிலும் கட்டி இல்லை. அறுவை செய்யப்படவில்லை. அடுத்த பரிசோதனை ஆகஸ்டில்.